நான்காம் மாடி இல்லாத கட்டடம்

அத்தியாயம் ஏழு

கதவு மூடிக்கொண்டபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது நல்ல வளர்ப்புள்ள கதவு. மெல்ல வந்து சட்டத்தில் சாய்ந்தது. உள்ளே ஏதோ ஓர் இரும்புப் பல் இன்னொரு பல்லைக் கடித்தது. அவ்வளவுதான்.

சுகந்தினி திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் செருகி வைத்திருந்த சிலிப்பர் இப்போது அவளுடைய உதவியாளன் சின்னத்தம்பியின் கையில் இருந்தது.

“தரையில தள்ளுவண்டி ஓடுன தடம் இருக்குக்கா. அளக்கலாமேனு எடுத்தேன்,” என்றான். பிறகு, யாரும் கேட்காமலேயே முடிவையும் அறிவித்தான். “சரியா ஒரு சிலிப்பர் அகலம்.”

கதவின் உட்புறத்தில் கைப்பிடி இல்லை. சாவித் துளை இல்லை. வழவழப்பான சாம்பல் நிற இரும்பு மட்டும் இருந்தது. பொருள்களுக்காகக் கட்டிய அறை அது. பொருள்கள் வெளியே போக வேண்டுமென்று ஆசைப்படுவதில்லை.

மூன்றாவதாக அறையில் இருந்த லோஷினி கதவருகே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தள்ளவில்லை, தட்டவில்லை. இது இப்படித்தான் நடக்கும் என்று காலையிலிருந்தே தெரிந்தவள்போல் கையை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கதவால்தான் அவள் வாழ்க்கை ஒரு வாரமாக நின்றுபோயிருந்தது.

மலேசியக் கரையில் இருக்கும் கெலாங் பாத்தாவில் இப்படிப்பட்ட வாடகைக் கிடங்குகள் புதிது. பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், கல்யாணம் முடிந்து கட்டிலுக்கு இடமில்லாதவர்கள் என்று பலரும் இங்கே அறை எடுத்துச் சாமான்களைப் பூட்டி வைத்தார்கள். பூட்டுக்குச் சாவி கிடையாது. கைப்பேசி சொன்னால் கதவு திறக்கும். அந்த ஏற்பாட்டை எழுதியவரும் கிடங்கின் முதலாளியும் ஒருவரே. விஜயேந்திரன். லோஷினி அவருடைய முகப்பு மேசையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்தாள்.

பக்கத்து மாரியம்மன் கோயிலில் திருப்பணி நடந்ததால், கோயில் நிர்வாகம் மூன்றாம் மாடியின் எட்டாம் அறையை வாடகைக்கு எடுத்து அம்மனின் வெள்ளிக் கவசத்தையும் மற்ற சாமான்களையும் வைத்தது. போன வாரம் தலைவர் சோமசேகரம் வந்து திறந்தபோது அறை காலி. கணினிப் பதிவைப் பார்த்தார்கள். நிர்வாகத்தைத் தவிர அந்தக் கதவைத் திறந்தது ஒரே ஒருவர், லோஷினி. பூச்சிமருந்து அடிக்கிறவருக்காக எல்லா அறைகளையும் திறந்ததைப்போல் அதையும் திறந்தேன் என்றாள் அவள். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை. இன்று மாலை நிர்வாகக் கூட்டம் முடிந்ததும் போலீசில் புகார் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. போலீசில் பெயர் ஏறிவிட்டால் அந்தப் பாலத்தை அவள் இனி தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் காலையில் சுகந்தினியின் கதவைத் தட்டினாள். முன்பு காப்புறுதி நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த சுகந்தினி, இப்போது ஜொகூர் பாருவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அறையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோது சோமசேகரம் மறுக்கவில்லை. ஒருமுறை மட்டும் திறக்கும் விருந்தினர் இணைப்பு ஒன்றைச் சின்னத்தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தார். அந்த ஒருமுறை முடிந்துவிட்டது. லோஷினியின் கணக்கோ காலையிலேயே முடக்கப்பட்டிருந்தது.

“அப்ப நாம மூணு பேரும் இப்போ சாமான்,” என்றான் சின்னத்தம்பி. “மாச வாடக யாரு கட்றது?”

அவன் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது.

அது அசைவைக் கண்டு எரியும் விளக்கு என்று இருட்டுக்குள்ளிருந்து லோஷினி சொன்னாள். ஆட்கள் சும்மா நின்றால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். சின்னத்தம்பி கைகளை விரித்து ஆட்டினான். வெளிச்சம் வந்தது. யோசித்தால் இருட்டிவிடும் அறை இது என்று சுகந்தினிக்குத் தோன்றியது. ஆள் இருப்பதை ஓயாமல் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். லோஷினி ஒரு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இரும்புச் சுவர்களுக்கு நடுவே கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கவில்லை. மேல்மூலையில் இருந்த காற்றுத் துளைக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு கோடு காட்டியது. மூவரில் உயரமானவன் என்பதால் சின்னத்தம்பி அந்த மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கீழே இருந்த காவலாளி அழைப்பை எடுத்தார். தன்னிடம் சாவி இல்லை, யாரிடமும் சாவி இல்லை, முதலாளியிடம் சொல்கிறேன் என்றார். முதலாளி கோயில் மண்டபத்தில் கூட்டத்தில் இருந்தார்.

பொம்பாவைக் கூப்பிடலாமா என்று சின்னத்தம்பி கேட்டான். தீயணைப்புப் படை வந்தால் கதவை அறுத்துவிட்டு, கூடவே போட்டோவும் எடுத்துப் போடுவார்கள், தன் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

“கதவ அறுத்துட்டா பூட்டும் போயிடும்,” என்றாள் சுகந்தினி. “இந்தப் பொண்ணுக்குச் சாட்சி சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு. அதக் கொல்ல விடமாட்டேன்.”

கைப்பையிலிருந்து அசாம் பொட்டலத்தை எடுத்தாள். உப்பும் புளிப்புமாய் உலர்ந்த பழத்தை வாயில் அடக்கிக்கொண்டால்தான் அவளுக்கு யோசனை ஓடும். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு அறையைச் சுற்றி நடந்தாள். நடந்தால் விளக்கும் எரிந்தது.

அறையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் அவளை உறுத்தியது.

கோயில் சாமான் என்னென்ன இருந்தது என்று லோஷினியிடம் கேட்டாள். லோஷினிக்கு நினைவிருந்தது. முகப்பிலேயே விற்கும் பழுப்பு அட்டைப்பெட்டிகளில் எல்லாம் கட்டி வந்தது. பாதுகாப்புக்காகப் பெட்டிமேல் கோயில் பெயரைக்கூட எழுதவில்லை. ஒன்றில் கவசம். இன்னும் சிலவற்றில் விளக்குகளும் மணிகளும். மிச்சமெல்லாம் அன்னதானத்துக்கான காகிதத் தட்டுகளும் பழைய திருவிழாப் பதாகைகளும்தான். அதோடு கழுத்து உடைந்த ஒரு நிற்கும் மின்காத்தாடி. அதைத் தூக்கிப்போட நிர்வாகத்தில் இரண்டு கட்சி ஆனதால் அதுவும் கூடவே வந்தது.

“எல்லாமே போயிருச்சா?”

“எல்லாமே போயிருச்சிக்கா.”

“காத்தாடியுமா?”

லோஷினி தலையாட்டினாள்.

சுகந்தினி நின்றாள். விளக்கு அணைந்தது. சின்னத்தம்பி அலுத்துக்கொண்டே கையை ஆட்டினான்.

வெள்ளிக்காக வந்த திருடன் காகிதத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவானா என்று அவள் மெல்லக் கேட்டாள். உடைந்த காத்தாடியைத் தோளில் வைத்துக்கொண்டு தப்பித்து ஓடுவானா? திருடன் பொறுக்குவான். வேண்டாததை இறைத்துவிட்டுப் போவான். இங்கே ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. தள்ளுவண்டித் தடம் நேராக, அவசரமில்லாமல் போகிறது. இது ஒழித்து எடுத்த அறை. வீடு மாற்றிக் கொடுக்கிற லாரிக்காரன் இப்படித்தான் ஒழிப்பான். சொன்னதையெல்லாம் ஏற்றிவிட்டு, கடைசியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவான்.

“அப்ப திருட வந்தவன் இல்ல,” என்றாள். “வேலைக்கு வந்தவன். இது தனக்குச் சொன்ன அறைதான்னு நம்புனவன்.”

லோஷினி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் உடனே அவள் முகம் விழுந்தது. லாரிக்காரன் வந்தாலும் கதவு திறக்க வேண்டுமே. வேறு அறைக்காரருடைய இணைப்பு இந்த அறையைத் திறக்காது. எந்தக் கிளை, எந்த மாடி, எந்த அறை என்று ஒவ்வொரு படியாகச் சோதித்துவிட்டுத்தான் திறக்கும் என்று முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அதை அவளும் வாடிக்கையாளர்களிடம் ஒப்பித்திருக்கிறாள்.

சுகந்தினி அந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். சின்னத்தம்பி கைப்பேசியை இறக்கிக் காட்டினான். சாதாரண இணைய முகவரிதான். கிடங்கின் பெயர், ஒரு சாய்ந்த கோடு, கிளை, கோடு, மாடி 3, கோடு, அறை 8, பிறகு யாருக்கும் புரியாத நீளமான எழுத்துக்கூட்டம். கிராமத்தில் தபால்காரருக்கு வழி சொல்வதைப்போல் பெரியதிலிருந்து சிறியதற்குப் போனது. திறந்தால் திரையின் உச்சியில் ‘கெலாங் பாத்தா, மாடி 3, அறை 8’ என்று வந்தது. கீழே ‘இந்த இணைப்பு பயன்படுத்தப்பட்டுவிட்டது’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அதற்குமேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. சுகந்தினி மறுபடி நடக்க ஆரம்பித்தாள். வெப்பம் ஏறியது. சட்டை முதுகில் ஒட்டியது. காற்றுத் துளை வழியாக இரண்டாவது பாலத்தை நோக்கிப் போகும் லாரிகளின் இரைச்சல் கடலைப்போல் வந்து வந்து போனது. நடைபாதையின் இருபுறமும் இதைப்போன்ற கதவுகள் வரிசையாக இருந்தன. ஒரே கனவை ஒருவன் விடாமல் கண்டுகொண்டிருப்பதைப்போல. அவற்றில் எதற்கும் இவர்கள் இங்கே இருப்பது தெரியாது.

மூலையில் நின்ற சின்னத்தம்பி பொழுது போகாமல் அந்த முகவரியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அறை எண்ணை மாற்றி மாற்றித் தட்டுவான், கையைத் தூக்குவான், பதிலைப் பார்ப்பான். தொண்ணூற்றொன்பது என்று தட்டினான். அப்படி ஓர் அறை இல்லை என்றது. தன் பெயரைத் தட்டினான். அப்படி ஓர் அறை இல்லை என்றது. அதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டான்.

“கெஞ்சிப் பாப்போம்,” என்று, இந்த ஊர்ப் பேச்சில் வால்போல் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வைச் சேர்த்து அடுத்ததைத் தட்டினான். “எட்டு லா. தொறயேன் லா.” கையைத் தூக்கினான். திரையைப் பார்த்துச் சிரித்தான். “அக்கா, இது நம்ம ஊரு ஆளுதான். எட்டுலானு சொன்னா எட்டுனு புரிஞ்சிக்குது.”

சுகந்தினி நின்றாள். “என்ன சொன்ன?”

அவன் காட்டினான். முகவரியில் ‘8லா’ என்று இருந்தது. திரையின் உச்சியிலோ ‘அறை 8’ என்றுதான் இருந்தது. அப்படி ஓர் அறை இல்லை என்று சொல்ல வேண்டியது, வாலை நறுக்கிவிட்டு எண்ணை மட்டும் விழுங்கியிருந்தது.

விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் கையை ஆட்டவில்லை. இருட்டில் கைப்பேசித் திரை மட்டும் மிதந்தது.

“லிஃப்டுல ஏறுறப்போ ஏதோ சொன்னியே தம்பி,” என்றாள் சுகந்தினி. “என்னது அது?”

சின்னத்தம்பிக்குத் தன் நகைச்சுவைகள் எதுவும் மறப்பதில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு ஏ, அஞ்சு. நாலு எங்க, லீவுல போயிருக்கானு கேட்டேன். நீங்க சிரிக்கல.”

நான்கு இல்லாத கட்டடம் இங்கே யாருக்கும் அதிசயம் இல்லை. சீனர்கள் காதுக்கு அந்த எண் சாவைப்போல் ஒலிக்கும். அதனால் கட்டுகிறவர்கள் நான்காம் மாடிக்கு 3A என்று பெயர் வைத்துவிட்டு ஐந்துக்குத் தாண்டிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பொத்தான்களை அமுக்குகிறவர்கள் அதைப் பார்ப்பதுகூட இல்லை. இந்த மூவரும்கூட அதை ஒரு நகைச்சுவைக்குமேல் இதுவரை பார்க்கவில்லை.

“அறைய விடு. மாடியில போடு,” என்றாள் சுகந்தினி. “3A.”

சின்னத்தம்பி தட்டினான். கையைத் தூக்கினான். நெடுநேரம் வெள்ளை வட்டம் சுற்றியது. அவன் கையை இறக்கியபோது திரையின் உச்சியில் ‘மாடி 3, அறை 8’ என்றிருந்தது.

லோஷினி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த அசைவில் விளக்கு எரிந்தது. அவளுக்குத்தான் இந்த ஏற்பாடு உள்ளும் புறமும் தெரியும். தடுமாறித் தடுமாறி விளக்கினாள். அறை எடுத்தவர்கள் தங்கள் கைப்பேசியைக் கதவில் தொட்டுத் திறப்பார்கள். அதில் குழப்பம் வராது. விருந்தினர் இணைப்பு போன மாதம்தான் வந்தது. அதில்தான் இந்த முகவரி போகிறது. முதலில் ஒரு சோதனை நடக்கும். இந்த இணைப்பு யாருடையது, அவருக்கு இந்த மாடியும் அறையும் உண்டா என்று. பிறகு பூட்டுக்கு எண் போகும்.

“அப்ப உள்ள ரெண்டு காவலாளி இருக்கிற மாதிரி,” என்றாள் சுகந்தினி. முதல் காவலாளிக்கு எழுத்துத் தெரியும். 3A என்று முழுதாகப் படித்து, ஆமாம், இவர் மேல்மாடிக்காரர், போகலாம் என்று விட்டுவிடுகிறார். பதிவேட்டிலும் 3A என்றே எழுதிக்கொள்கிறார். இரண்டாம் காவலாளிக்கு எண் மட்டும்தான் தெரியும். மூன்று வரை கேட்டுவிட்டு ஓடிப்போய் மூன்றாம் மாடியைத் திறந்துவிடுகிறார். நீ விட்டது யாரை, நான் திறந்தது எதை என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதே இல்லை.

“ஆனா லாரிக்காரனுக்குக் கண்ணு இருக்கேக்கா,” என்றான் சின்னத்தம்பி. “மேல் மாடிக்குப் போயிருப்பான். அங்க கதவு தொறக்கலனா சத்தம் போட்டிருப்பான்.”

சுகந்தினி கதவைக் காட்டினாள். அதற்கு வெளியே, நடைபாதைச் சுவரில் என்ன இருந்தது? வரும்போது மூவரும் பார்த்ததுதான். ஆள் உயரத்துக்கு மஞ்சள் நிறத்தில் ‘A’. ஒவ்வொரு மாடியும் A பக்கம், B பக்கம் என்று பிரிந்திருந்தது. எட்டாம் அறை A பக்கத்தில் இருந்தது. லிஃப்ட் உள்ள கட்டடங்களில் பழகாத ஒருவன், ஊரிலிருந்து லாரி ஓட்டி வந்தவன், 3A, 8 என்று படித்தால் என்ன நினைப்பான்? மூன்றாம் மாடி, A பக்கம், எட்டாம் அறை. வருகிறான். மஞ்சள் A நிற்கிறது. எட்டாம் அறை நிற்கிறது. இணைப்பை அமுக்குகிறான். கதவு திறக்கிறது.

“மனுசன் பண்ண அதே தப்ப மெஷினும் பண்ணியிருக்கு,” என்றாள். “ரெண்டுல ஒண்ணு சரியா இருந்திருந்தா அன்னைக்கே சத்தம் கெளம்பியிருக்கும்.”

மேல்மாடி எட்டாம் அறை யாருடையது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. லோஷினி ஏற்கனவே தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த வாடிக்கையாளர் எண்களில் தேடிக்கொண்டிருந்தாள். ராஜசேகரன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விருந்தினர் இணைப்பை முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர். எப்படி அனுப்புவது என்று போனில் அவள்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். லாபிஸ் ஊரிலிருந்து தங்கராஜு என்ற லாரிக்காரர் வருவார், சாமானையெல்லாம் அங்கே அக்கா வீட்டில் இறக்குவார் என்று அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. வேலையை நன்றாகச் செய்த திருப்தியில் அன்று அவள் தனக்கு ஐஸ் போட்ட தேநீர், ஒரு தே ஆயிஸ், வாங்கிக் குடித்தாள். அதுவும் நினைவிருந்தது.

லோஷினியின் கைப்பேசியிலிருந்து அழைத்தார்கள். ராஜசேகரன் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும், ஓய்வு நேரத்தில்தான் எடுப்பார் என்றாள் லோஷினி. செய்தி அனுப்பினார்கள். ஒற்றைக் குறி விழுந்தது. இரண்டாவது குறி வரவில்லை.

காத்திருந்தார்கள். சின்னத்தம்பிக்குக் கை வலித்தது. கையை மாற்றிக்கொண்டான். சுதந்திர தேவி சிலைக்கு யாராவது மாற்றாள் அனுப்பியிருக்கலாம் என்றான். யாரும் சிரிக்கவில்லை. அதற்காக அவனே கொஞ்சம் சிரித்துக்கொண்டான். சுகந்தினி கதவைத் தடவிப் பார்த்தாள். தெரிந்துகொண்ட உண்மை இந்த அறையோடு சேர்ந்து பூட்டிக் கிடந்தது. வெளியே கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

சின்னத்தம்பி தூக்கிப் பிடித்திருந்த லோஷினியின் கைப்பேசி அதிர்ந்தபோது மூவரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். ராஜசேகரன்தான். சுகந்தினி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தன் எண்ணையும் கொடுத்துவிட்டு, லாபிஸில் இறக்கிய பெட்டிகளைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை, தீபாவளி விடுமுறைக்குப் போய்த்தான் திறக்க வேண்டும் என்றார் அவர். ஏன், ஏதாவது உடைந்துவிட்டதா என்று பதறினார்.

“உங்க சாமான்ல நிக்கிற காத்தாடி ஏதும் இருந்துச்சா?”

“அதான் எனக்கும் புரியல மேடம். ஒடஞ்ச காத்தாடிய எதுக்குடா அனுப்புனனு அக்கா திட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்துச்சு. என்கிட்ட காத்தாடியே கெடையாது.”

சின்னத்தம்பி தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். சுகந்தினி நிதானமாகச் சொன்னாள். அக்காவிடம் சொல்லி ஒரே ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் அறைக்கு நீங்களே ஒரு விருந்தினர் இணைப்பு உண்டாக்கி அமுக்குங்கள். துவாஸிலிருந்தே அமுக்கலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் சரி என்றாரா, என்ன என்றாரா தெரியவில்லை. குறுக்கே வேறோர் அழைப்பு வந்து அவர் குரல் அறுந்தது. திரையில் விஜயேந்திரனின் பெயர்.

அவர் குரல் கனிவாக இருந்தது. கோயில் நிர்வாகத்தினர் எல்லோரும் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன் என்றார். உள்ளே மாட்டிக்கொண்டதற்கு வருத்தம் தெரிவித்தார். இங்கிருந்தே கதவைத் திறந்துவிட முடியும் என்றார். ஆனால் திறக்கவில்லை.

“லோஷினி, இங்க யாருக்கும் உன்னைய போலீஸ்ல மாட்டிவிட ஆசை இல்ல. ஒரு வார்த்த சொல்லிரு. அக்கவுண்ட யாருக்கோ குடுத்துட்டேன், கவனக்குறைவுனு. பொருளுக்கு நான் பொறுப்பு. இந்தச் சிஸ்டத்த அடுத்த வாரம் பெரிய கம்பெனி வாங்குது, இந்த நேரத்துல வீண் பேச்சு வேணாம். நீ சொன்ன மறு நிமிஷம் கதவு தொறக்கும். வீட்டுக்குப் போலாம்.”

சுகந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். அவளும் சின்னத்தம்பியும் லோஷினியைப் பார்த்தார்கள். கதவு எதிரே இருந்தது. ஒரு வாக்கியம் தூரத்தில். அதைச் சொல்லிவிட்டால் வியர்வையும் போலீசும் இன்றே முடிந்துவிடும். மிச்ச நாள்களுக்கு அவள் கவசத்தைத் தொலைத்த பெண்ணாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ராஜசேகரன் இணைப்பை அமுக்குவாரா, ஓய்வு நேரம் முடிந்து மறுபடி அலமாரிக்குள் கைப்பேசியைப் போட்டுவிட்டாரா, யாருக்கும் தெரியாது.

லோஷினி எழுந்து மூலைக்கு வந்து, தன் கைப்பேசியை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். யாரும் அசையவில்லை. விளக்கு அணைந்தது. இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டது.

“பாஸ், நான் யாருக்கும் குடுக்கல. குடுத்தேன்னு சொல்ல மாட்டேன்.”

“யோசிச்சுப் பேசும்மா. என் சிஸ்டம் ஒவ்வொரு படியையும் செக் பண்ணும். கிளை, மாடி, அறை. சம்பந்தம் இல்லாத ஆளுக்கு அந்தக் கதவு தொறக்கவே தொற...”

இருட்டுக்குள் ஓர் இரும்புப் பல் இன்னொரு பல்லை விட்டது.

முதலில் தரையில் நூல் அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. பிறகு கை அகலம். சின்னத்தம்பி பாய்ந்து போய்ச் சிலிப்பரை இடுக்கில் திணித்தான். அது போதாது என்று மற்றச் சிலிப்பரையும் திணித்தான். திறந்த இடைவெளியில் நடைபாதைச் சுவரின் மஞ்சள் A பாதி தெரிந்தது.

லோஷினி கைப்பேசியை விடவில்லை. “பாஸ், கதவு தொறந்திருச்சி. நீங்களா தொறந்தீங்க?”

மண்டபத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு சோமசேகரத்தின் வயதான, நிதானமான குரல் வந்தது. “யார் திறந்தது, பிள்ளை?”

“சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர் சார். மேல் மாடிக்காரர். அவரு தன்னோட கதவத்தான் தொறந்தாரு.”

விஜயேந்திரன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். யாரோ அவரை இருக்கச் சொன்னார்கள். சோமசேகரம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பழகிய மனிதரின் கேள்விகள். லோஷினி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சுகந்தினி குறுக்கே போகவில்லை. இன்னோர் அசாம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேல்மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி சின்னத்தம்பிக்குச் சைகை காட்டினாள். அவன் வெறுங்காலோடு படியேறினான். திரும்பி வந்து, அந்த எட்டாம் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது, பூட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, அங்கே யாரும் எதையும் திறந்த மாதிரி இல்லை என்று சொன்னான். ராஜசேகரனின் சாமான்கள் இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

அப்போது சுகந்தினியின் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. ராஜசேகரன் அனுப்பியிருந்தார். பேசியது அவருடைய அக்கா செல்லம், லாபிஸிலிருந்து. சுகந்தினி அதை லோஷினியின் கையிலிருந்த கைப்பேசிக்கு அருகே பிடித்தாள். கோயில் மண்டபத்துக்கும் கேட்டிருக்கும்.

“தம்பி, பெட்டிய தொறந்தேன்டா. உள்ள அம்மன் மொகம் என்னையே பாக்குது. நான் தொடல. டிவிய அமத்திட்டு வெளக்கேத்தி வச்சிருக்கேன். யாரு வீட்டு அம்மன்டா இது? வந்து கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லு. குளிச்சிட்டு வரச் சொல்லு.”

மண்டபத்தில் யாரோ வாய்விட்டு அம்மா என்றார்கள். லோஷினி அழைப்பைத் துண்டித்தாள்.

வெளியே போகலாம் என்று சுகந்தினி சொன்னாள். லோஷினி போய்க் கதவை முழுதாகத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சின்னத்தம்பி குனிந்து சிலிப்பர்களை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். சுகந்தினி வந்தாள். நீயும் வா என்று அழைத்தார்கள்.

அவள் அசையவில்லை. உள்ளே இனி யாரும் இல்லை என்று விளக்கு அணைந்தது. அது அணையும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவிலிருந்து முதுகை எடுத்தாள்.